வண்ணமீனுக்கு உயிருள்ள இரை: நீரறிந்து சேகரிக்கும் முறை

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

தறியும் நிலமும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீதியில் பாவு தோய இயலாமல் தறி நின்றுவிடும்; கோடையில் கிணறு வற்றி நிலம் நின்றுவிடும். அவ்விடைவெளியை நிரப்ப வீட்டுக்கு ஓர் உபதொழில் வேண்டும் என்பது கூட்டுறவு இயக்கத்தின் நெடுநாளைய போதனை.

சென்னைக் கொளத்தூர், அலங்கார மீன் வாணிகத்தில் நாடறிந்த இடம். அச்சந்தைக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில், புழக்கடையில் இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன், சண்டைமீன் முதலியவற்றை வளர்த்து விற்கும் குடும்பங்கள் உண்டு. 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதமரின் மத்சய சம்பதா திட்டத்தில் புழக்கடை அலங்கார மீன் வளர்ப்புக்கும் மானியம் வகுக்கப்பட்டது. ஆகவே இத்தொழிலுக்குக் கடன் கேட்டுச் சங்கங்களுக்கு வரும் மனுக்களை நாம் அக்கறையோடு கவனித்தல் வேண்டும்.

இத்தொழிலில் வரவைத் தின்பது தீனிச் செலவு. அதனைக் குறைக்கக் குட்டையிலும் குளத்திலும் இயற்கையாக விளையும் சிற்றுயிர்களைச் சேகரித்து மீனுக்கு இடுவது பழைய வழி, நல்ல வழியும்கூட. ஆனால் அவ்வழியை அறியாமல் மேற்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நானே ஒரு சாட்சி. அதை முதலில் கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

தணிக்கைக் குறிப்பில் நான் செய்த பிழை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவூர்ச் சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டேன். அங்கே பதினொரு பெண் அங்கத்தினர்கள் சங்கக் கடன் பெற்று மீன் வளர்த்து வந்தனர். தீனிக்கென அவர்கள் காட்டியிருந்த செலவு எனக்கு மிகையாகத் தோன்றிற்று. "தீனிச் செலவு அதிகம். ஊர்க் கால்வாயில் இலவசமாகக் கிடைக்கும் சிவப்புப் புழுவைப் பயன்படுத்திச் சிக்கனம் செய்யலாம்" என்று குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டேன். அக்கால்வாயை நான் நேரில் கண்டதில்லை. புழுவை இட்டால் மீன் விரைவாக வளரும் என்று எங்கோ கேட்டிருந்தேன், அவ்வளவே.

மேற்பார்வையாளர் எழுதிய குறிப்பென்று அப்பெண்கள் அப்படியே செய்தனர். முதல் மாதம் மீன்கள் நன்றாகப் பருத்தன. அடுத்த மாதம் ஒரு மழைக்குப் பின், நான்கு வீடுகளில் மீன்கள் இரை எடுக்காமல் ஒதுங்கின, துடுப்பு அரித்தது, வயிறு உப்பிற்று. ஓர் அம்மையாரின் தொட்டியில் விற்பனைக்கு ஆயத்தமாயிருந்த ஏறத்தாழ அறுநூறு தங்கமீன் குஞ்சுகள் ஒரே வாரத்தில் மாண்டன. அடுத்த தவணை கட்ட வேண்டிய நாளுக்கு இன்னும் பதினெட்டு நாட்களே இருந்தன.

நான் சென்றபோது அவ்வம்மையார் கோபிக்கவில்லை. "ஐயா, தீனிச் செலவைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தோம். இப்போது தீனி தின்ன மீனே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

எந்த நாளில், எந்த இடத்தில் எடுத்த புழு, எந்தத் தொட்டிக்குச் சென்றது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஆகவே காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாமற் போயிற்று. எனினும் அன்று மாலை அக்கால்வாயின் கரையோடு மேல்நோக்கி நடந்து பார்த்தேன். கழிப்பறைக் குழாய்கள் அதில் திறந்திருந்தன. ஒரு கோழிக் கடையின் கழிவு அதில் விழுந்தது. சற்று மேலே, நம் அங்கத்தினர் இருவர் வீட்டுச் சாயத் தொட்டிகளைக் கழுவிய நீரும் அதிலேயே கலந்து ஓடிற்று. கணக்கைப் பார்த்தவன் கால்வாயைப் பார்க்கவில்லை. பஞ்சாயத்தார் கூடித் தவணைக்கு ஆறு மாத நீட்டிப்பு அளித்ததால் அக்குடும்பம் தப்பியது. அதன் பிறகே இவ்விஷயத்தை முறையாகப் படிக்கலானேன்.

உயிருள்ள இரை எதற்காக?

முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சின் வாய் மிகச் சிறியது. கடைத் தீனியைத் தூளாக்கி இட்டாலும் அது பெரும்பாலும் அடியில் தங்கி அழுகி நீரைக் கெடுக்கும். உயிருள்ள இரையோ நீந்திக்கொண்டேயிருக்கும். அசைவதைக் கண்டதும் கவ்வுவது குஞ்சின் இயல்பு. உண்ணப்படாமல் எஞ்சியதும் சில மணி நேரமேனும் உயிரோடிருப்பதால் நீர் உடனே கெடுவதில்லை. நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை உலர்த்தி எடை பார்த்தால் அதில் ஏறத்தாழப் பாதி புரதம். ஆகையால் குஞ்சுகளை ஆளாக்குவதிலும், தாய்மீனைச் சினைக்கு ஆயத்தம் செய்வதிலும் இதற்கு நிகரான தீனி குறைவு.

நீரில் கிடைப்பன எவை?

அங்கத்தினர் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, நீர்த்தெள்ளு. டாப்னியா, மோய்னா என்று வியாபாரிகள் கூறுவது இதுவே. நம் வெப்பமான குட்டைகளில் பெரும்பாலும் கிடைப்பது மோய்னா. வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். நீரில் தத்தித் தத்தி நீந்தும். இது பூச்சியன்று, இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. நீரில் பிராணவாயு குறைந்தால் இதன் உடல் சிவக்கும். நம் இரத்தத்திலுள்ளது போன்ற செந்நிறப் பொருளை அது மிகுதியாக உண்டாக்கிக் கொள்வதே காரணம். அதனால்தான் சில குட்டைகளின் மேற்பரப்பு விடியற்காலையில் செம்மண் கரைத்தாற்போல் தோன்றுகிறது. நல்ல காலத்தில் பெண் உயிர்கள் ஆணின் துணையின்றியே குஞ்சு பொரித்துப் பெருகும். குட்டை வற்றும் காலம் வந்தால் தடித்த ஓடுடைய முட்டைகளை இடும். அவை காய்ந்த சேற்றில் கிடந்து, மறுமழையில் பொரிக்கும்.

இரண்டாவது, கூத்தாடிப் புழு. அதாவது கொசுவின் இளம்பருவம். மீன் மிக விரும்பி உண்ணும். இதைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இரத்தப்புழு. கடிக்காத ஒருவகைக் கொசு போன்ற ஈயின் புழு இது. சேற்றில் சிறு குழாய் கட்டி வாழும். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும், கணுக்கணுவாகச் சிவந்திருக்கும். வளர்ந்த மீனுக்கு ஏற்றது. இதை, குறிப்பாக உலர்த்தியதை, அடிக்கடி கையாளுவோர் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உண்டாவது மருத்துவர் அறிந்த செய்தி. கையுறை அணிவது நலம்.

நான்காவது, டியூபிபெக்ஸ் எனப்படும் சாக்கடைப் புழு. நூல் போன்றது. தலையைச் சேற்றில் புதைத்து, வாலை நீரில் அசைத்தபடி கூட்டங் கூட்டமாக வாழும். என் குறிப்பில் நான் பரிந்துரைத்தது இதையே. பிராணவாயு மிகக் குறைந்த, கழிவு நிறைந்த நீரிலும் இது செழிக்கும். பிற உயிர்கள் மாண்டு போட்டி ஒழிவதால் அங்கேதான் மிகுதியாகச் செழிக்கும். சேற்றையே தின்று வாழ்வதால் அச்சேற்றிலுள்ள கிருமியும் உலோக நஞ்சும் இதன் உடலில் சேரும். குளிர்நாட்டு டிரௌட் மீன்களைத் தாக்கும் சுழல்நோயின் கிருமி, தன் வாழ்வின் ஒரு பருவத்தை இப்புழுவின் உடலில் கழிக்கிறது என்பதை 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். அந்நோய் நம் வெப்பநாட்டு வண்ணமீனுக்கு உரியதன்று. ஆயினும் புழு எவ்வாறு நோயைச் சுமக்கும் என்பதற்கு அது தக்க சான்று.

இரையே நீரைக் காட்டும்

மேலே கூறியவற்றை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். நீர்த்தெள்ளு நஞ்சைத் தாங்காதது. சாக்கடைப் புழு கழிவைத் தாங்குவது. நஞ்சு கலந்த நீரை ஆராயும் ஆய்வுக்கூடங்கள், டாப்னியாவையே சோதனை உயிராகக் கொள்கின்றன. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை அந்நீரில் இட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவது பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட முறை.

எனவே நீர்த்தெள்ளு மிகுந்த குட்டை பெரும்பாலும் நம்பத்தக்கது. வேறெவ்வுயிரும் இன்றிச் சாக்கடைப் புழு மட்டுமே மண்டிய நீர் நம்பத்தகாதது. நீர்த்தெள்ளு இல்லாத குட்டை எல்லாம் நஞ்சு என்று கொள்ளவும் கூடாது. மீன் மிகுந்த குளத்தில் அவை தின்னப்பட்டுக் குறைவாகவே இருக்கும்.

இரை எடுக்க மிகச் சிறந்தது, மீன் இல்லாத மழைநீர்க் குட்டை. மீன் இல்லாததால் தெள்ளு பெருகியிருக்கும். மீனை ஒட்டி வாழும் மீன்பேனும் நங்கூரப் புழுவும் அங்கே இருப்பது அரிது. நங்கூரப் புழுவின் குஞ்சு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. எவ்வளவு கவனமாகச் சலித்தாலும் தப்பிவிடும். ஆகவே அது இல்லாத இடத்தில் எடுப்பதே உறுதியான காப்பு.

இடத்தைத் தேர்ந்தபின் கரையோடு ஒருமுறை சுற்றி நடக்க வேண்டும். எந்த நீர் எங்கிருந்து வந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். அண்டை வயலில் பூச்சிமருந்து தெளித்திருந்தால், அதன் பின் பெய்யும் முதல் மழை மருந்தைக் குட்டைக்குக் கொண்டுவரும். அக்காலத்தில் அங்கே எடுத்தலாகாது. பூச்சியைக் கொல்லும் மருந்து, பூச்சிக்கு உறவான நீர்த்தெள்ளை மிகச் சிறு அளவிலேயே கொல்லும். தெளிப்பானைக் குட்டையில் கழுவும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. அதை இன்றே விடுதல் வேண்டும்.

நெசவாளருக்கும் ஒரு சொல். சாயத் தொட்டியின் நீரில் வண்ணம் மட்டுமன்றி உப்பும் காரமும் உண்டு. நொய்யல் ஆற்றின் வரலாறு நம் கண்முன் உள்ளது. ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. நிலத்துக்குப் பாய வேண்டிய அந்நீர், திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் உப்பேறி, பயிருக்கே கேடாயிற்று. கழிவைச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பெரிய பட்டறைகளின் கழிவோடு ஒப்பிட்டால் நம் வீட்டுச் சாயத் தொட்டியின் நீர் சிறிது. ஆனால் நம் ஊர்க் குட்டையும் சிறிதுதானே?

ஒரு தம்ளர்ச் சோதனை

ஆய்வுக்கூடத்தின் முறையை நாமும் எளிய அளவில் கையாளலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் எடுத்துக்கொள்க. ஒன்றில் நம்பிக்கையான கிணற்று நீர்; மற்றொன்றில், மெல்லிய துணியில் வடிகட்டிய குட்டை நீர். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மோய்னாவில் பத்துப் பத்தாக எண்ணி இரண்டிலும் விட்டு, நிழலில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். ஒருநாள் கழித்தும் இருநாள் கழித்தும் பார்க்க வேண்டும். கிணற்று நீரில் நீந்தி, குட்டை நீரில் மட்டும் மாண்டிருந்தால் அக்குட்டையை விட்டுவிடுக. இரண்டிலும் மாண்டால் சோதனையில் பிழை, மீண்டும் செய்க.

இச்சோதனை மருந்து, சாயம் முதலிய நஞ்சைக் காட்டும். நோய்க் கிருமியைக் காட்டாது. ஆகையால் இதில் தேறிய நீரிலிருந்து எடுத்த இரையையும் பின்வருமாறு சுத்தம் செய்தே தீர வேண்டும்.

வலையும் வேளையும்

வலைக்கு ஓர் அடி விட்டமுள்ள கம்பி வளையமும், ஆறடி மூங்கிற் காம்பும், இரண்டடி ஆழமுள்ள துணிப்பையும் போதும். துணி நீரை விடவேண்டும், தெள்ளை விடக்கூடாது. நெருக்கமாக நெய்த வேட்டித் துணியில் நீர் இறங்காது. கொசுவலையில் தெள்ளு தங்காது. கலக்கமாக நெய்த மெல்லிய மல் துணியோ, நுண்கண் நைலான் துணியோ ஏற்றது. இதை நம் நெசவாளர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இழை எண்ணிக்கை அறிந்தவர்கள் அவர்கள்.

துணிக்கும் தெள்ளினத்துக்கும் உள்ள உறவு பழையது. நீர்த்தெள்ளோடு வலையில் விழும் சைக்ளோப்ஸ் என்னும் ஒற்றைக்கண் உயிர், நரம்புச் சிலந்தி நோயின் புழுவைச் சுமந்தது. படிக்கிணற்று நீரை அப்படியே குடித்தோர்க்கு அந்நோய் வந்தது. நோய் ஒழிப்புப் பணியில் குடிநீரைத் துணியால் வடிகட்டச் செய்தது ஒரு முக்கிய நடவடிக்கை. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. ஒரு முழத் துணியின் துணையோடு வென்ற நோய் அது.

சேகரிக்க ஏற்ற வேளை விடியற்காலை. வெயில் ஏறுமுன் தெள்ளுகள் மேல்மட்டத்தில் திரண்டிருக்கும். சேற்றைக் கலக்காமல், கரையில் நின்றபடி, எட்டு என்னும் எண்ணை எழுதுவது போல வலையை மெல்ல வீசி இழுக்க வேண்டும். வாளியில் பாதிக்கு நீர் வைத்து, பத்து லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டித் தெள்ளுக்கு மேல் இடாதிருப்பது நன்று. பேராசையால் நிரப்பினால் வீடு சேருமுன் மூச்சடைத்து மாண்டு, அழுகி, நஞ்சாகிவிடும். வாளியைச் சுற்றி ஈரச் சாக்குப் போர்த்தலாம்.

இருவராகச் செல்லுதல் நலம். சிறுவரை அனுப்பலாகாது, மண் எடுத்த குழிகளின் ஆழம் மேலிருந்து தெரியாது. காலில் புண்ணிருந்தால் நீரில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். மழைக்குப் பின் அந்த ஆபத்து மிகுதி. ஏரியில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பின் அவரிடமும், ஊர்க் குட்டையாயின் ஊராட்சியிலும் சொல்லி அனுமதி பெறுக. ஒரு குட்டையில் நனைந்த வலையை வெயிலில் நன்கு காயவைத்தே மறு குட்டையில் இட வேண்டும். வளர்ப்பு மீனை எக்காரணத்தாலும் ஏரியில் விடலாகாது. தொட்டி சுத்தம் செய்யவென்று வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளுத்தி, நம் மாநில நீர்நிலைகளில் பரவி நாட்டுமீனுக்கு இடையூறாகியிருக்கிறது.

வீட்டில் செய்யும் சுத்தி

1. வாளியை அரை மணி நேரம் அசையாமல் வைக்கவும். மண்ணும் மாண்டவையும் அடியில் தங்கும். மேலுள்ளதை மட்டும் எடுக்கவும்.

2. முதலில் கொசுவலைத் துணியில் வடிக்கவும். தட்டான் பூச்சியின் இளம்பருவம், நீர்வண்டின் புழு, இலைச் சருகு ஆகியவை அதில் தங்கும். கீழே இறங்கிய தெள்ளை நுண்துணியில் பிடிக்கவும்.

3. ஒரு கரண்டியை வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெளிச்சத்தில் பார்க்கவும். செதில்போலத் தட்டையாய்ச் சுற்றி நீந்துவது மீன்பேன். ஒன்றைக் கண்டாலும் அன்றைய சேகரிப்பு முழுவதையும் தரையில் கொட்டிக் காயவிடுக. பூங்கிளை போன்ற கைகளை நீட்டி ஒட்டிக்கொண்டிருப்பது ஹைட்ரா. அது மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும்.

4. நுண்துணியோடு கிணற்று நீரில் மூன்று முறை அலசவும். குழாய் நீராயின் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைத்தது வேண்டும்.

5. மீன்தொட்டியில் இரையை மட்டுமே இடுக. குட்டை நீரில் ஒரு துளியும் ஊற்றாதீர்.

6. புதிய இடத்து இரையை முதலில் ஒரு சிறு தொட்டியில் நாலைந்து மீனுக்கு மட்டும் இட்டு, சில நாட்கள் கவனித்தபின் மற்றத் தொட்டிகளுக்கு இடுக.

சாக்கடைப் புழுவைத் தவிர்ப்பதே என் அறிவுரை. விலைக்கு வாங்கி இடுவோர், சொட்டுச் சொட்டாக ஓடும் நல்ல நீரில் பல நாட்கள் வைத்து, வெளுத்துப் பிரிந்த புழுக்களை நாள்தோறும் நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதனால் குடலிலுள்ள அழுக்கு நீங்கும்; உடலில் ஊறிய நஞ்சு நீங்காது என்பதையும் நினைவிற் கொள்க.

கூத்தாடிப் புழு: ஓர் எச்சரிக்கை

தாமாகத் தேங்கிய நீரில் உள்ள கொசுப்புழுவை வடித்து மீனுக்கு இடுவது ஊருக்கும் நன்மை. ஆனால் மீனுக்காகவென்று பானையில் நீர் வைத்துக் கொசுப்புழு வளர்ப்பது பெருந்தவறு. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். ஒருநாள் மறந்தால் டெங்குக் கொசுவை நாமே வளர்த்துத் தெருவில் விட்டவராவோம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அதற்குப் பின் கொசுவை அறியாமல் வளர்த்தோம் என்று எவரும் சொல்ல இயலாது. சேகரித்த புழுவையும் மீன் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இடுக. எஞ்சியதை மூடி வைக்காமல் அன்றே அழித்துவிடுக. காற்புள்ளி வடிவில் வளைந்தவை கொசுவாகும் தறுவாயில் உள்ளவை. அவற்றை வைத்திருக்கவே கூடாது.

குட்டையிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு

எத்துணைக் கவனமாகச் சேகரித்தாலும் குட்டை நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே இயற்கைச் சேகரிப்பை விதையாகவும், வீட்டு வளர்ப்பை விளைச்சலாகவும் கொள்வதே முறை.

இருநூறு லிட்டர் சிமெண்டுத் தொட்டியில் ஒருநாள் திறந்து வைத்த நீரை நிரப்பி, நிழலில் அமைக்கவும். ரொட்டிக் கடையில் பயன்படும் ஈஸ்ட்டை நூறு லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுக. நீர் இலேசாகக் கலங்கினாற் போதும். சுத்தம் செய்த மோய்னாவில் ஒரு கரண்டியை விடுக. நீர் தெளிந்த பிறகே மீண்டும் ஈஸ்ட் இட வேண்டும். மிகுதியாக இட்டால் நாற்றமெடுத்து ஒரே இரவில் எல்லாம் மாளும். ஒன்றிரண்டு வாரத்தில் தொட்டி நிறையும். அதன்பின் நாள்தோறும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதிருந்தால் தொடர்ந்து கிடைக்கும். இரண்டு தொட்டி வைத்திருப்பது அறிவுடைமை. ஒன்று கெட்டாலும் மற்றொன்றிலிருந்து விதை எடுக்கலாம். தொட்டியின் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுதல் கட்டாயம்; கொசுவும் தட்டானும் முட்டையிடாமல் அது காக்கும்.

கோடையில் குட்டை வற்றியபோது, நல்ல குட்டையின் அடிச் சேற்றை மேலாகச் சுரண்டிக் காயவைத்துப் பொட்டலம் கட்டி வைத்தால், அதிலுள்ள உறங்கும் முட்டைகள் பின்னொரு நாள் நீரில் பொரிக்கும். விதைநெல்லைப் போற்றும் உழவர்க்கு இது புதிய பாடமன்று.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் குட்டையை ஆராய்ந்து, சோதித்து, வளர்த்துக் கொண்டிருக்க நேரம் இராது. பத்துப் பேர் சேர்ந்தால் முறை வைத்துச் செய்யலாம். முன்சொன்ன நெசவூரில் இப்போது அவ்வாறே நடக்கிறது. மூன்று வீடுகளில் மோய்னாத் தொட்டிகள். வாரம் ஒருமுறை இருவர் சேகரிக்கச் செல்கின்றனர். வரும் இரை அளந்து பகிரப்படுகிறது. ஒரு சிறு பதிவேடும் உண்டு. தேதி, இடம், நீரின் நிறம், கடைசி மழை, பக்கத்து வயலில் மருந்து தெளித்த நாள், எந்தத் தொட்டிக்கு இடப்பட்டது என ஆறு பத்திகள். அன்று அப்பதிவேடு இருந்திருந்தால், நான்கு வீடுகளில் பரவுமுன் முதல் வீட்டிலேயே கேட்டை நிறுத்தியிருக்கலாம்.

சாயமிடும் இரு அங்கத்தினரும் தம் தொட்டி நீரைக் கால்வாயில் விடுவதை நிறுத்தினர். அது எளிதில் நடந்துவிடவில்லை. இரண்டு கூட்டங்களில் கடுமையான பேச்சு எழுந்தது. முடிவில் அதற்கு வழிசெய்தது சட்டமன்று; அறுநூறு மீனை இழந்த அம்மையார் எழுந்து, "கால்வாய் உங்கள் வீட்டைத் தாண்டித்தானே என் வீட்டுக்கு வருகிறது" என்று கேட்ட ஒரு கேள்வி. சாயநீரை ஆவியாகவிட இப்போது அவர்களுக்குப் பொதுவில் ஒரு தளமிட்ட தொட்டி அமைந்திருக்கிறது. அவ்வம்மையாரும் கடனை அடைத்துவிட்டார். இப்போது தம் தொட்டி மோய்னாவை ஊரிலுள்ள மற்ற வளர்ப்போருக்கும் விற்கிறார்.

செலவில்லாத தீனி என்று ஒன்று இல்லை. பணம் கொடுக்காவிடின் கவனம் கொடுக்க வேண்டும். நீரைத் தூய்மையாக வைத்திருப்பதே அத்தீனிக்கு நாம் கட்டும் விலை. அதைத் தனியே கட்ட இயலாது. கூடித்தான் கட்ட வேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் மீன் இல்லாத மழைநீர்க் குட்டைகள் எத்தனை? அவற்றில் வந்து விழும் நீர் எங்கிருந்து வருகிறது?

2. நீர்த்தெள்ளு மிகுந்த நீருக்கும் சாக்கடைப் புழு மட்டுமே மிகுந்த நீருக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. தம்ளர்ச் சோதனை எதைக் காட்டும்? எதைக் காட்டாது?

4. உங்கள் சங்க அங்கத்தினர் வீடுகளிலிருந்து சாயநீரும் தெளிப்பான் கழுவிய நீரும் எங்கே செல்கின்றன?

5. மீன் வளர்ப்புக் கடன் வழங்கும்போது தொட்டியை மட்டுமன்றி, இரை எடுக்கும் நீர்நிலையையும் பார்வையிட வேண்டும் என்று துணைவிதி செய்தால் யாருக்கு நன்மை?